பழைய டேப்லெட், பெரிய கேம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் பல வீடுகளில் ஒரு பேரம் தொடங்கும். "இந்த டேப்ல எல்லா கேமும் லேக் அடிக்குதுப்பா, புதுசு வாங்கிக் குடுங்க" என்று பிள்ளை கேட்கும். "வாங்கி அஞ்சு வருஷம்தானே ஆச்சு" என்பார் அப்பா. கடையில் போய்க் கேட்டால், "பழசுல இதெல்லாம் ஓடாது சார்" என்று ஒரே வரியில் தீர்ப்பு வந்துவிடும். இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாய் விஷயத்தை இப்படி ஒரு வரியில் முடிப்பது சரியில்லை. பழைய டேப்லெட் சில பெரிய கேம்களுக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும். சிலவற்றை அதில் திறக்கவே முடியாது. காரணம் தெரிந்தால், செலவு தேவையா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளலாம்.

நம்பிக்கை: புதிய மாடல் என்றால் வேகம், பழைய மாடல் என்றால் மந்தம்.

கடைக்காரரும் வாங்குபவரும் ஒன்றாக ஏமாறுவது இங்கேதான். டேப்லெட் எந்த ஆண்டு வந்தது என்பதைவிட, வந்தபோது எந்தத் தரத்தில் வந்தது என்பதே கேமுக்கு முக்கியம்.

2018-இல் வந்த ஐபேட் ப்ரோவில் இருப்பது ஏ12எக்ஸ் சிப். அதில் கிராஃபிக்ஸுக்கு மட்டும் 7 கோர்கள் (வேலையைப் பகிர்ந்துகொள்ளும் பகுதிகள்), ரேம் குறைந்தது 4 ஜிபி. மூன்று ஆண்டு கழித்து, 2021-இல், குறைந்த விலையில் வந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேடில் இருப்பது ஏ13. அதில் கிராஃபிக்ஸ் கோர்கள் 4, ரேம் 3 ஜிபி. பெயரில் 13 பெரியதுதான். ஆனால் முப்பரிமாணக் காட்சிகளை வரையும் வேலையில் 2018-இன் சிப்தான் முந்துகிறது. ஆண்ட்ராய்டு பக்கமும் இதே கதைதான். 2017-இன் சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்3-இல் இருந்த ஸ்னாப்டிராகன் 820, அந்தக் காலத்தின் முதல்தரச் சிப். 2020-இன் கேலக்ஸி டேப் ஏ7-இல் வந்த ஸ்னாப்டிராகன் 662, நடுத்தர விலைச் சாதனங்களுக்கான சிப். கிராஃபிக்ஸ் வலுவில் மூன்று வயது மூத்ததே மேல்.

புதியது தன் முன்னோடியைவிடத் திணறிய வரலாறும் உண்டு. 2012 மார்ச்சில் மூன்றாவது ஐபேட் வந்தது. ஐபேட் 2-இன் திரையில் இருந்த புள்ளிகள் 1024-க்கு 768, அதாவது ஏறக்குறைய 7.9 லட்சம். மூன்றாவதில் அது 2048-க்கு 1536 ஆனது, சுமார் 31.5 லட்சம். வரைய வேண்டிய புள்ளிகள் நான்கு மடங்கு, வரைகிற கிராஃபிக்ஸ் கோர்களோ இரண்டிலிருந்து நான்காக, இரண்டு மடங்குதான். திரையின் முழுத் தெளிவில் கனமான கேமை ஓட்டினால், பழைய ஐபேட் 2 தன் திரைக்குக் கொடுத்த வேகத்தை மூன்றாவது ஐபேடால் கொடுக்க முடியவில்லை. ஏழே மாதத்தில், அக்டோபரில், வலுவான ஏ6எக்ஸ் சிப்புடன் நான்காவது ஐபேடை ஆப்பிள் அறிவித்துவிட்டது.

இந்தக் கணக்கு இன்றைக்கும் பொருந்தும். 31.5 லட்சம் புள்ளிகளை விநாடிக்கு 60 முறை வரைய வேண்டுமானால், விநாடிக்கு ஏறக்குறைய 19 கோடிப் புள்ளிகள். ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையை ஒருமுறை வரைந்து முடிக்க, கிடைப்பது 16.7 மில்லி விநாடி. அதே கேமை 1024-க்கு 768 அளவில், விநாடிக்கு 30 ஃபிரேம் என்று இறக்கினால், வேலை எட்டில் ஒன்றாகிவிடுகிறது. பழைய டேப்பில் கேமின் செட்டிங்ஸுக்குள் போய் முதலில் குறைக்க வேண்டியவை ரெசல்யூஷனும் ஃபிரேம் ரேட்டும்தான். நிழல், புல், நீரில் தெரியும் பிம்பம் எல்லாம் அடுத்த வரிசை. மைன்கிராஃப்ட் ஆடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் பார்க்கலாம். எவ்வளவு தொலைவு வரை உலகம் தெரிய வேண்டும் என்ற அளவைப் பாதியாக்கினால், டேப் தாங்க வேண்டிய நிலப்பரப்பு கால்வாசியாகிவிடும். எல்லாத் திசையிலும் தொலைவு குறைவதால் இது நடக்கிறது. ஒரே ஒரு ஸ்லைடரை நகர்த்தி இவ்வளவு பலன் தரும் செட்டிங் வேறு அதிகம் இல்லை.

நம்பிக்கை: கேம் திணறினால் சிப்புக்கு வயசாகிவிட்டது.

சிலிக்கான் சிப் கேம் ஆடி ஆடித் தேய்ந்து மெதுவாவதில்லை. வாங்கிய நாளில் போட்ட கணக்கை அது அதே வேகத்தில் இன்றும் போடும். மாறியிருப்பது அதைச் சுற்றியுள்ளவை: கேமின் எடை கூடியிருக்கும், பேட்டரி சோர்ந்திருக்கும், சேமிப்பு இடம் நிரம்பியிருக்கும், அறையில் வெயில் ஏறியிருக்கும். கேம் எப்படித் திணறுகிறது என்று சற்று உற்றுக் கவனித்தால், எது காரணம் என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம். இதைக் கவனிக்காமலே டேப்பை மாற்றச் சொல்லும் ஆலோசனைதான் எனக்கு வருத்தம் தருகிறது.

ஆரம்பித்த நிமிஷத்திலிருந்தே காட்சி விட்டு விட்டு நகர்கிறது, எங்கே திரும்பினாலும் அப்படியே இருக்கிறது என்றால், கேம் கேட்பதை கிராஃபிக்ஸால் கொடுக்க முடியவில்லை என்று பொருள். மேலே சொன்ன செட்டிங்ஸ் குறைப்பு இதற்குத்தான்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேம், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சட்டென மூடி முகப்புத் திரைக்கு வந்துவிட்டால், சந்தேகப்பட வேண்டியது ரேமை. டேப்லெட்டில் கிராஃபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது. இயங்குதளம், கேம், கிராஃபிக்ஸ் எல்லாம் ஒரே ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. 2014-இன் ஐபேட் ஏர் 2-இல் 2 ஜிபி. அதன் ஏ8எக்ஸ் சிப் அந்தக் காலத்தில் பெரும் வலுவானது. ஆனாலும் திறந்த உலகக் கேம்கள் கேட்கும் இடத்தை 2 ஜிபியில் கொடுக்க முடியாது. இடம் தீர்ந்தால் இயங்குதளம் கேமையே வெளியேற்றிவிடும். செட்டிங்ஸைக் குறைத்தால் ஓரளவு தாங்கும், ஆனால் ரேமைக் கூட்ட வழியில்லை. தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைத்த பாகம் அது.

புதிய இடத்துக்குள் நுழையும்போது மட்டும் ஒரு விநாடி உறைந்து பிறகு சரியாகிறதா? அப்படியானால் சேமிப்பகம் மெதுவாக இருக்கிறது. 2012-இல் கூகுளுக்காக ஆசுஸ் தயாரித்த நெக்ஸஸ் 7, நாளாக ஆக இப்படித்தான் தவித்தது. ஃப்ளாஷ் சேமிப்பில் பழைய தரவு இருந்த இடத்தை அழித்த பிறகே புதிதாக எழுத முடியும். காலியான இடம் எது என்பதைச் சேமிப்பகத்துக்குத் தெரிவிக்கும் டிரிம் வசதி 2013-இல் ஆண்ட்ராய்டு 4.3-உடன் வந்தபோது, அந்த டேப்புக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. இன்றும் பழைய டேப்பில் சேமிப்பு நிரம்பி வழிந்தால் இதே தொல்லைதான். பார்த்து முடித்த வீடியோக்களை வேறிடத்துக்கு மாற்றி, கணிசமான இடத்தைக் காலியாக விட்டால் வித்தியாசம் தெரியும்.

கேமரா வழுவழுவென்று திரும்புகிறது, ஆனால் எதிராளி மட்டும் இங்கே நின்றவர் அங்கே குதித்துத் தோன்றுகிறார் என்றால், டேப்பைக் குறை சொல்லக் கூடாது. அது நெட்வொர்க் பிரச்சினை. பழைய டேப்லெட்டுகளில் சில 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். நெக்ஸஸ் 7-இன் முதல் மாடலும் அப்படித்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அந்த அலைவரிசையில் நெரிக்கும்போது ஆட்டம் தடுமாறுவது இயல்பு.

கடைசியாக, முதல் பத்து நிமிஷம் பிரமாதமாக ஓடி, பிறகு மெல்ல மெல்லச் சொதப்பினால் அது வெப்பம். இதற்குத் தனியாகவே இடம் கொடுக்க வேண்டும்.

நம்பிக்கை: சூடானால் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் போதும்.

தயவுசெய்து வேண்டாம். குளிர்ந்த டேப்பை வெளியே எடுத்ததும், நம் ஊர்க் காற்றின் ஈரம் அதன்மேலும் உள்ளேயும் நீராகப் படியும். மின்சுற்றுக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை.

பெரும்பாலான டேப்லெட்டுகளுக்குள் காற்றாடி கிடையாது. சிப்பின் சூடு உடல் முழுக்கப் பரவி, பின்பக்கம் வழியாக வெளியேற வேண்டும். வெளியேறுவதைவிட அதிகமாகச் சூடு உண்டானால், சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இது பழுதில்லை, பாதுகாப்பு. ஐபேடை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். கத்திரி வெயிலில் வேலூரிலோ மதுரையிலோ மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் மதியம் கேம் ஆடினால், தொடங்கும் முன்பே அந்த எல்லையைத் தாண்டியிருப்போம். அதே டேப் மார்கழியில் தடையில்லாமல் ஆடியிருக்கும்.

தடித்த ரப்பர் கவரைக் கழற்றுவது, மெத்தையில் வைக்காமல் ஸ்டாண்டில் நிறுத்துவது, மின்விசிறிக் காற்று பின்பக்கம் படும்படி உட்கார்வது, திரை வெளிச்சத்தைக் குறைப்பது ஆகியவை உண்மையிலேயே உதவும். சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடுவதை நிறுத்துவது இவை எல்லாவற்றையும்விட உதவும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியும் சூடாகிறது, ஆடும்போது சிப்பும் சூடாகிறது, இரண்டும் ஒரே மெல்லிய உடலுக்குள். ஒரே தலைமுறைச் சிப் என்றால் டேப்லெட்டுக்குப் போனைவிட ஒரு சாதகமும் உண்டு. பரப்பு பெரியது என்பதால் சூட்டை அதிக நேரம் தாங்கும்.

நம்பிக்கை: பேட்டரி பழசானதால் கம்பெனியே டேப்பை மெதுவாக்கிவிட்டது.

இது போனிலிருந்து டேப்புக்குத் தாவிய கதை. பேட்டரி தளர்ந்த ஐபோன்கள் திடீரென அணைந்துபோவதைத் தடுக்க அவற்றின் உச்ச வேகத்தைக் குறைத்ததை, 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. மக்கள் கோபப்பட்டது நியாயமே. ஆனால் அந்த ஏற்பாடு ஐபோன்களுக்கானது, ஐபேட்களுக்கு அல்ல. தளர்ந்த பேட்டரியால் டேப்பில் வரும் நிஜமான தொல்லை, சீக்கிரம் சார்ஜ் இறங்குவதும், அதனால் எப்போதும் ஒயரோடு ஆட நேர்வதும், அதன் பின்னால் வரும் சூடும்தான்.

நம்பிக்கை: ரேம் பூஸ்டர் போட்டால் பறக்கும்.

பறக்காது. ரேமைக் காலியாக்கித் தருவதாகச் சொல்லும் ஆப்கள் இவை. பின்னணியில் தூங்கும் ஆப்களை எப்போது வெளியேற்ற வேண்டும் என்பது ஆண்ட்ராய்டுக்கே தெரியும். பூஸ்டர் அவற்றை மூட, அவை மறுபடி எழ, பூஸ்டர் திரும்ப மூட என்று வீண் வேலை கூடுகிறது, விளம்பரமும் சேர்ந்து வருகிறது. கேமின் உள்கோப்புகளை மாற்றும் கருவிகள் இன்னும் மோசம். ஆன்லைன் கேம்களில் அவற்றால் கணக்கே முடக்கப்படலாம், பிள்ளை பல மாதம் சேர்த்ததெல்லாம் போய்விடும்.

நம்பிக்கை: அப்டேட் போட்டால் டேப் செத்துவிடும், போடவே கூடாது.

இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கிறது. ஆண்ட்ராய்டு 5 ஏற்றிய பழைய நெக்ஸஸ் 7-கள் தள்ளாடியது உண்மை. அதற்கு நேர் எதிராக, 2018-இன் ஐஓஎஸ் 12 பழைய சாதனங்களை வேகப்படுத்துவதையே நோக்கமாகக் கொண்டு வந்தது. 2013-இன் ஐபேட் ஏர் வரை அது கிடைத்தது. ஆக, ஒவ்வொரு அப்டேட்டையும் தனித்தனியாகத்தான் எடைபோட வேண்டும்.

ஆனால் அப்டேட்டைத் தள்ளிக்கொண்டே போனாலோ, அப்டேட் கிடைப்பதே நின்றுவிட்டாலோ வேறு கதவு மூடும். 2017-இல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் ஆப்களுக்கு இடமில்லாமல் போனது. 32 பிட் சிப்போடு இருந்த நான்காவது ஐபேட் ஐஓஎஸ் 10-உடன் நின்றுவிட்டது. கேம் நிறுவனங்களும் ஆதரிக்கும் குறைந்தபட்சப் பதிப்பை உயர்த்திக்கொண்டே வருகின்றன. பலர் சேர்ந்து ஆடும் கேமில் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு உள்ளே நுழையவே முடியாது. ஆண்ட்ராய்டு டேப்களில் இன்னொரு சிக்கல்: கிராஃபிக்ஸ் டிரைவர் பெரும்பாலும் இயங்குதள அப்டேட்டோடுதான் வரும். அது நின்றுவிட்டால், சிப்பில் வலு மிச்சமிருந்தும் புதிய கேமில் நிறம் பிசகும், உருவங்கள் உடைந்து தெரியும்.

நம்பிக்கை: எப்படியாவது முயன்றால் எந்தக் கேமையும் ஓட வைக்கலாம்.

முடியாது. இதை நேராகச் சொல்வதே பிள்ளைகளுக்குச் செய்யும் உதவி. 2023 அக்டோபரில் ஐபேடுக்கு வந்த ரெசிடென்ட் ஈவில் வில்லேஜுக்கு எம்1 அல்லது அதற்கு மேற்பட்ட சிப் வேண்டும். 2021-இன் ஐபேட் ப்ரோவில் அது இருக்கிறது. 2020-இன் ஐபேட் ப்ரோவில் இருப்பது ஏ12இசட். பெயர் ஒன்றுதான், இடைவெளி ஓராண்டுதான், ஆனாலும் அந்தக் கேம் அதில் ஏறாது. எந்த செட்டிங்கும் இதை மாற்றாது. புதிய கேமுக்காக ஆசைப்படும் முன், ஸ்டோரில் அந்தக் கேமின் பக்கத்தில் உள்ள தேவைப் பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். குறைந்தபட்சம் என்று போட்டிருப்பது திறப்பதற்கான எல்லை மட்டுமே, சுகமாக ஆடுவதற்கு அதைவிடக் கூடுதல் வேண்டும்.

வீட்டில் நல்ல கிராஃபிக்ஸ் உள்ள கம்ப்யூட்டர் இருந்தால் மட்டும் ஒரு மாற்று வழி உண்டு. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் லிங்க் போன்ற ஆப் மூலம் கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டி, காட்சியை டேப்புக்கு வீடியோவாக வரவழைக்கலாம். டேப்புக்கு வீடியோ பார்க்கிற அளவு வேலைதான், பழைய சிப்பும் அதைச் செய்யும். கம்ப்யூட்டரை ரவுட்டரோடு ஒயரில் இணைத்து, டேப்பை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போடுங்கள். விரல் பட்டதற்கும் திரை மாறுவதற்கும் நடுவே சின்னத் தாமதம் இருக்கும். கார்ப் பந்தயத்திலும் துப்பாக்கிச் சண்டையிலும் அது உறுத்தும், நிதானமாக யோசித்து நகர்த்தும் கேம்களில் பெரும்பாலும் தெரியாது.