போர்டு இல்லாத கடை சொல்லித் தரும் பாடம்



சேமிப்பு, கடன், வட்டி என்று பேசும் இந்தப் பக்கத்தில் இந்த மாதம் இட்லியும் கூழும் வந்திருக்கு. அதற்குக் காரணம் உண்டு. தொழில் கடன் கேட்கும் உறுப்பினர்களில் பல பேர் சொல்வது, "சின்னதா ஒரு சாப்பாட்டுக் கடை போடப் போறேன்" என்பதுதான். சமைக்கத் தெரியும், அடுப்பு இருக்கு, பாத்திரம் இருக்கு, அப்புறம் என்ன என்று தோணும். ஆனால் நல்லா சமைக்கத் தெரிந்தவர் கடையும் மூணே மாதத்தில் மூடிவிடுவதைப் பார்க்கிறோம். கடை மூடினாலும் கடன் தவணை நிற்பதில்லை. குழுவுக்குள் மனக்கசப்பும் வருது.

நிலைத்து நிற்கும் சின்னக் கடைகள் எப்படி நிற்கின்றன? அதைப் படிக்க நல்ல இடம் பெரிய நகரத்தின் புறநகர்தான். அங்கே ஒளிவிளக்கு போட்ட ஓட்டல்களுக்கு நடுவில், போர்டுகூட இல்லாமல் வருடக் கணக்கில் நடக்கும் கடைகள் இருக்கின்றன. சென்னைக்குத் தெற்கே உள்ள தாம்பரம் பகுதியை எடுத்துக்கொள்வோம். தென் மாவட்டத்திலிருந்து ரயிலில் போகிற நம்மில் பல பேர் இறங்கும் ஊர் அது.

யார் சாப்பிடுகிறார்கள்?

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கினால் அந்தப் பக்கம் மூன்று வகைக் கூட்டம் தெரியும். ஒன்று, 1984-ல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். இதில் இளம் பெண்கள் ஏராளம். இரண்டு, நெஞ்சக நோய் அரசு மருத்துவமனைக்கும், 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கும் வரும் நோயாளிகள், அவர்களுக்குத் துணைக்கு வருபவர்கள். மூன்று, அந்தத் தெருக்களிலேயே குடியிருப்பவர்கள்.

மூன்று பேருக்கும் பசி ஒன்றுதான். ஆனால் தேவை வேறு. ஷிப்டுக்கு ஓடுகிறவருக்கு ஐந்து நிமிடத்தில் கையில் கிடைக்க வேண்டும். நோயாளிக்குக் காரம் குறைவாக, சூடாக வேண்டும். குடியிருப்பவருக்கு, வேலை முடிந்து வந்த அலுப்பில், வீட்டு இட்லி மாதிரியே நாலு இட்லி போதும். நிலைத்த கடைக்காரர் இந்த மூன்றில் ஒருவரை மனதில் வைத்துத்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறார். எல்லாருக்கும் எல்லாமும் என்று அவர் தொடங்குவதில்லை.

ஒரு பொழுது, ஒரு பண்டம்

புறநகர்த் தெருவில் காலையில் நடந்தால் கூழ் வண்டி தெரியும். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, மறுநாள் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைத்துத் தருவார்கள். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், வற்றல், மாங்காய், சில வண்டிகளில் கருவாடு. கட்டட வேலைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர் எல்லாரும் வண்டியைச் சுற்றி நின்றே குடிப்பார்கள். மதியத்துக்குள் பானை காலி, வண்டி வீட்டுக்கு.

அதே தெருவில் விடியற்காலை சைக்கிளில் இடியாப்பம் போகும். சாயங்காலம் ஆனால் வீட்டு வாசலிலேயே அடுப்பு வைத்து இட்லி, தோசை போடும் அக்கா கடை. முக்கில் வடை, பஜ்ஜி. இந்தக் கடைகளுக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது. 'ஆயா கடை', 'முக்குக் கடை', 'கையேந்தி பவன்' என்று சாப்பிடுகிறவர் வைத்ததுதான் பெயர்.

கவனித்தீர்களா? ஒவ்வொருவருக்கும் ஒரு பொழுது, ஒன்றோ இரண்டோ பண்டம். அதனால் சரக்கு குறைவு, மீதி குறைவு, முதலும் குறைவு.

மீந்ததை என்ன செய்வது?

அதே மின்சார ரயில் பாதையில் வடக்கே போனால் சைதாப்பேட்டை. அந்த ஊர் வடகறிக்குப் பேர் போனது. மீந்து போன மசால் வடையை உதிர்த்துக் குழம்பில் போட்டுச் செய்ததுதான் வடகறியின் தொடக்கம் என்று சொல்வார்கள். இன்று கடலைப்பருப்பை அரைத்துப் புதிதாகவே செய்கிறார்கள். இட்லிக்கும் தோசைக்கும் அதைத் தேடிப் போய்ச் சாப்பிடுகிறவர்கள் உண்டு.

வாசல் இட்லிக் கடை அக்காவுக்கும் இந்தப் புத்தி உண்டு. எல்லா மாவையும் ஒரேயடியாக ஊற்றி அவிக்க மாட்டார். ஆள் வர வர ஈடு வைப்பார். இட்லி மீந்தால் நஷ்டம், மாவு மீந்தால் காலையில் தோசை, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் படி மாவு.

தெரிந்த கைப்பக்குவமே முதல்

இந்த ரயில் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதன் மறுமுனை சென்னைக் கடற்கரை நிலையம். அதன் எதிரே பர்மா பஜார். அந்தப் பக்கமும் வியாசர்பாடியிலும் சாயங்கால வண்டிகளில் 'அத்தோ' விற்கிறார்கள். நூடுல்ஸ் மாதிரி இருக்கும். முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துக் கையால் பிசைந்து தருவார்கள். வாழைத்தண்டு போட்ட சூப்பும் உண்டு.

இது எப்படி இங்கே வந்தது? பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆயின. தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் லட்சக் கணக்கில் சொத்தை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தார்கள். கொண்டுவர முடிந்தது கைப்பக்குவம் ஒன்றுதான். அதை வைத்துத் தெருவில் வண்டி போட்டுப் பிழைத்தவர்கள் உண்டு.

நமக்கும் இதில் செய்தி இருக்கு. பக்கத்துக் கடையில் பரோட்டா ஓடுகிறது என்று நாமும் பரோட்டா போட வேண்டாம். உங்கள் வீட்டில், உங்கள் ஊரில், உங்கள் கைக்கு வருவது எது? கம்பங்கூழா, பணியாரமா, கொழுக்கட்டையா, மீன் குழம்பா? அதில் தொடங்குங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம்

ஒரு சாயங்கால இட்லிக் கடைக்குக் கணக்குப் போடுவோம். இது ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

4 கிலோ இட்லி அரிசி, 1 கிலோ உளுந்து போட்டால் சுமார் 250 இட்லி வரும் என்று வைத்துக்கொள்வோம்.

அரிசி – 200 ரூபாய்
உளுந்து – 130 ரூபாய்
வெந்தயம், உப்பு – 10 ரூபாய்
சட்னி – 250 ரூபாய்
சாம்பார் – 200 ரூபாய்
காஸ் – 120 ரூபாய்
கரண்ட் – 20 ரூபாய்
வாழை இலை, பாக்கு மட்டைத் தட்டு – 70 ரூபாய்
மொத்தம் – 1,000 ரூபாய்

இட்லி 7 ரூபாய். 220 விற்றால் 1,540 ரூபாய். "அப்பாடா, 540 ரூபாய் லாபம்" என்று சொல்லத் தோணும். அங்கேதான் தவறு நடக்கிறது.

குழுவில் 24,000 ரூபாய் கடன், 24 மாதத் தவணை, மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி என்றால், முதல் மாதம் அசல் 1,000, வட்டி 240, ஆக 1,240 ரூபாய். மாதம் 25 நாள் கடை போட்டால் நாளைக்குச் சுமார் 50 ரூபாய். பாத்திரம், கிரைண்டர் தேய்மானத்துக்கு 40 ரூபாய். திரும்பி வராத பாக்கிக்கு 50 ரூபாய். ஆக 140 ரூபாய். மீதி 400 ரூபாய்தான்.

இந்த 400-ம் லாபம் இல்லை. ஊற வைத்து, அரைத்து, சந்தைக்குப் போய், சட்னி அரைத்து, விற்று, பாத்திரம் கழுவிய உங்கள் கூலி அது. எட்டு மணி நேரம் ஆனால் மணிக்கு 50 ரூபாய். மகளும் கூட நின்றால் ஆளுக்கு 200 ரூபாய். உங்கள் ஊரில் வேறு வேலைக்குப் போனால் என்ன கூலி என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். செலவு 1,000, அதோடு 140. இந்த 1,140 ரூபாய் வர 163 இட்லி விற்க வேண்டும். முதல் 163 இட்லி கடைக்கு. அதற்கு மேல் விற்பதுதான் உங்களுக்கு. மழை பெய்து 180 மட்டும் விற்றால் அன்றைக்குக் கையில் நிற்பது 120 ரூபாய். 40 இட்லி குறைந்ததற்கு 280 ரூபாய் போச்சு!

பானை காலியானதும் கடையை மூடும் அந்த ஆயாவுக்கு இந்தக் கணக்கு விரல் நுனியில் தெரியும். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்து அதற்கு மட்டும் போடுகிறார். "இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாமே" என்று சாப்பிட வந்தவர் சொன்னால் சிரித்துக்கொள்வார்.

எந்த விலையைப் பார்க்கக் கூடாது?

சென்னையில் 2013-ல் அம்மா உணவகம் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. சமைத்ததும் பரிமாறியதும் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். ஏழைக்குச் சோறு கிடைக்க வேண்டும் என்று மாநகராட்சி செலவைத் தாங்கி நடத்தும் இடம் அது. அந்த விலையைப் பார்த்து நாம் விலை வைத்தால் நம் கடை நாலு நாள்கூட நிற்காது. விலையில் போட்டி போடாதீர்கள். அங்கே கிடைக்காத பண்டம், அவர்கள் மூடிய பிறகு உள்ள நேரம், இதில்தான் நம் இடம் இருக்கு.

இடம் மாறினால்?

2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. கோயம்பேட்டிலிருந்து புறப்பட்டு வந்த தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறின. பேருந்து மாறினால் ஜனமும் மாறும். வழிப்போக்கரை மட்டும் நம்பிய கடைக்கு இது பெரிய அடி. தெருக்காரரை வாடிக்கையாக வைத்த கடைக்கு அவ்வளவு பாதிப்பு இல்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போல வாரம் ஒரு நாள் கூடும் இடத்தில் பலகாரம் போட்டால், மற்ற ஆறு நாளுக்கும் வழி வேண்டும். இடம் பிடிக்கும் முன் இதை யோசியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் வந்து, 2011 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கு. சின்னக் கடைக்குப் பெரிய உரிமம் வேண்டாம், பதிவு போதும். 14 இலக்கப் பதிவு எண் கிடைக்கும். கடையில் தெரியும்படி வையுங்கள்.

2. வடை, பஜ்ஜியைச் செய்தித்தாளில் மடிக்கக் கூடாது. மை உடம்புக்குக் கேடு. 2018 விதிகள் இதைத் தடை செய்கின்றன.

3. ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் தட்டு, கப், பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை.

4. வீட்டு காஸ் சிலிண்டரைக் கடையில் வைக்கக் கூடாது. கடைக்கு வணிக சிலிண்டர்தான்.

5. டவுனில் தெருவோரம் கடை போட்டால் 2014 சாலையோர வியாபாரிகள் சட்டம் உங்களுக்குத் துணை. கணக்கெடுப்பில் பெயர் சேர்த்து வியாபாரச் சான்று வாங்குங்கள். நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளுக்கு உள்ள இடத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. சான்று உள்ளவர்களுக்கு 2020-ல் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி கடன் உண்டு. முதல் தவணை 10,000 ரூபாயாக இருந்தது, 2025-ல் 15,000 ஆக உயர்ந்தது.

சாப்பிடப் போகும்போது

ஆஸ்பத்திரிக்கோ மகளைப் பார்க்கவோ டவுனுக்குப் போகிறீர்கள். நல்ல சின்னக் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? பண்டம் கண் முன்னே சூடாக வருதா, தண்ணீர் மூடியிருக்கா, எண்ணெய் கறுத்திருக்கா, காசு வாங்கிய கையாலேயே பரிமாறுகிறாரா என்று பாருங்கள். அந்தத் தெருக்காரர் தூக்குவாளியோடு வந்து வாங்குகிறாரா என்றும் பாருங்கள். அப்படி வாங்கினால் நம்பிச் சாப்பிடலாம். அப்படியே எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதுவும் படிப்புத்தான்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. நம் ஊரில், பக்கத்து டவுனில் எந்தப் பொழுதில் யாருக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை?

2. நம் குழுவில் யார் கைக்கு எந்தப் பண்டம் நல்லா வரும்?

3. மேலே உள்ள கணக்கை நம் ஊர் விலையில் போடுங்கள். எத்தனை விற்றால் கடைக்கு, எத்தனைக்கு மேல் நமக்கு?

4. சாப்பாட்டுக் கடைக்குக் கடன் கேட்பவர், முதலில் 15 நாள் வீட்டுப் பாத்திரத்திலேயே சின்ன அளவில் விற்றுக் கணக்கு எழுதிக் காட்டட்டும் என்று தீர்மானம் போடலாமா?

நாலாவது கேள்வியை நிதானமாகப் பேசுங்கள். கடன் கேட்கும் அக்காவைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடக் கூடாது. அந்த 15 நாள் நோட்டு அவருக்குத்தான் முதல் பாதுகாப்பு. கடைக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கடன் வாங்குகிற பெண், தவணை நாளில் முகத்தை மறைக்க வேண்டியிருக்காது.