பிரெஞ்சு லெஜியன்ல சேர 6 லட்சமா? காரைக்கால் தம்பிக்கு ஒரு கணக்கு

பெர்சனல் லோன் வீடியோ போட்ட அடுத்த நாளே காரைக்கால்ல இருந்து ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். சென்னையில வேலை, கையில 28,000 சம்பளம், வயசு 26. "அண்ணா, ஒரு ஏஜென்ட் பிரெஞ்சு ஃபாரின் லெஜியன்ல சேர்த்துவிடறேன்னு சொல்றார். 6 லட்சம் கேக்குறார். பிளஸ் டூ மார்க்‌ஷீட்டை பிரான்ஸ்ல ஈக்விவலன்ஸ் பண்றதுக்கே ஒரு லட்சமாம். லோன் போடலாமா?" இதுதான் கேள்வி.

போடாதீங்க தம்பி. ஆனா அப்படி ஒரு வரியில சொல்லிட்டு நகர்ந்தா சரியா இருக்காது. காரைக்கால்காரங்களுக்கு இந்த ஆசை சும்மா வர்றதில்லை.

காரைக்கால் 1739ல பிரெஞ்சுக்காரர் கைக்குப் போச்சு. 1954 நவம்பர் 1ல நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தது. ஒப்பந்தம் 1956ல கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16ல தான் சட்டப்படி அமலுக்கு வந்தது. அதுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுத்தவங்க பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சுக்கிட்டாங்க. அந்தக் குடும்பங்கள்ல பல பேர் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போனாங்க. ஊர்ல 'சொல்தா' வீடுன்னு சொல்லுவாங்க. மாசம் பொறந்தா யூரோவுல பென்ஷன் வர்ற அந்த வீட்டைப் பாத்து வளர்ந்த பக்கத்து வீட்டுப் பையனுக்கு 'நமக்கும் கிடைக்காதா'ன்னு தோணத்தானே செய்யும்? ஏஜென்ட் விக்கிற சரக்கே அந்த நினைப்புதான்.

ரெண்டு கதவு இருக்கு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க

முதல் கதவு, பிரெஞ்சு ராணுவம். இங்க பிரெஞ்சுக் குடியுரிமை கட்டாயம். நீங்க காரைக்கால்லயே பொறந்து இங்கயே தமிழ்நாடு பாடத்திட்டத்துல படிச்சிருந்தாலும், கையில பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தா போதும். பதினாறு வயசுல கன்சுலேட்ல செய்ய வேண்டிய பதிவை மட்டும் விட்டுடக் கூடாது. படிப்புச் சான்றிதழ் பிரச்சனை இங்கதான் நிஜமா வருது. சாதாரண சிப்பாயா சேர பெரிய சான்றிதழ் எதுவும் கேக்க மாட்டாங்க. நேரடியா சார்ஜென்ட் வரிசையில சேரணும்னா 'பக்கலோரேயா', அதாவது அவங்க ஊர் பிளஸ் டூ, இல்லைன்னா அதே தரத்துல ஒண்ணு வேணும்.

இந்த இடத்துல ஏஜென்ட் சொன்ன 'ஈக்விவலன்ஸ்' விஷயத்தைப் பாத்துடலாம். வெளிநாட்டுச் சான்றிதழுக்குச் சட்டப்படி 'சமம்'னு முத்திரை குத்துற ஏற்பாடே பிரான்ஸ்ல கிடையாது. இருக்கிறது ஒப்பீட்டுச் சான்று. 'எனிக்-நாரிக்'னு அரசு சார்ந்த மையம் ஒண்ணு இருக்கு. உங்க மார்க்‌ஷீட்டை ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல நீங்களே அனுப்பணும். 'இது எங்க ஊர்ல இன்ன நிலைப் படிப்போட ஒப்பிடத்தக்கது'ன்னு அவங்க எழுதித் தருவாங்க. அதுக்கான கட்டணம் யூரோவுல ரெண்டு மூணு இலக்கத்தோட முடிஞ்சிடும். லட்சம் எல்லாம் கிடையாது.

காசு செலவழிக்காம இப்பவே செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு, அது பேரு. நம்ம மார்க்‌ஷீட்ல 'எஸ். குமார்'னு இருக்கும். பாஸ்போர்ட்ல அந்த 'எஸ்' அப்பா பேரா விரிஞ்சிருக்கும். பிரெஞ்சுப் பதிவேட்டுல குடும்பப் பேரு, சொந்தப் பேருன்னு ரெண்டு தனித்தனிக் கட்டம். மூணு காகிதத்துல மூணு ஆளா தெரிவீங்க. பிறப்புச் சான்றிதழ், டிசி, மார்க்‌ஷீட், பாஸ்போர்ட் நாலையும் ஒரே மேசையில விரிச்சு வச்சு எழுத்துக் கூட்டிப் பாருங்க. ராணுவத்துக்குப் போகாட்டியும் கனடா பி.ஆர். கேக்குற அன்னைக்கு இதே தலைவலிதான் வரும்.

"தாத்தா பிரெஞ்சுக்காரர், அவர் பேர்ல குடியுரிமை வாங்கித் தர்றேன்"னும் ஒரு கூட்டம் அலையுது. நீங்களும் உங்க அப்பா இல்லைன்னா அம்மாவும் பிரெஞ்சுக்காரங்களா எந்தப் பதிவும் இல்லாம, ஐம்பது வருஷத்துக்கு மேல குடும்பம் பிரான்ஸுக்கு வெளியவே இருந்திருந்தா, வம்சத்தைக் காட்டி நிரூபிக்கிற வழியையே பிரெஞ்சுச் சட்டம் அடைச்சிடும். தாத்தாவோட பழைய ராணுவப் புத்தகத்தை மட்டும் வச்சுக்கிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

ரெண்டாவது கதவு, லெஜியன்

ஃபாரின் லெஜியன் 1831ல ஆரம்பிச்ச, வெளிநாட்டுக்காரங்களுக்கான படை. பதினேழரை வயசுல இருந்து முப்பத்தொன்பதரை வரைக்கும் எடுக்கிறாங்க. நம்ம அக்னிவீர் அதுக்கு ரொம்ப முன்னாடியே கதவைச் சாத்துதே, அதனாலதான் வேலைக்குப் போய்க்கிட்டிருக்கிற பசங்க லெஜியன் பக்கம் திரும்புறாங்க. முதல் ஒப்பந்தம் அஞ்சு வருஷம். டிப்ளமா எதுவும் தேவையில்லை, பிரெஞ்சுமொழி அங்க போய்க் கத்துக்கலாம். செல்லுபடியாகிற பாஸ்போர்ட் வேணும், உடம்பு சரியா இருக்கணும். அப்போ மார்க்‌ஷீட்டுக்கு ஒரு லட்சம் எதுக்குக் கேட்டார்? நீங்களே யோசிச்சுக்கோங்க.

லெஜியனுக்கு இந்தியாவுல ஆபீஸும் இல்லை, ஏஜென்டும் இல்லை. ஆள் எடுக்கிறது பிரான்ஸ் மண்ணுல மட்டும்தான். பாரிஸ் பக்கத்துல நொழான் கோட்டை, தெற்கே மார்செய் பக்கத்துல ஒபாஞ். வாசல்ல போய் நிக்கணும். பதிவுக்குப் பைசா கிடையாது, உள்ள போயிட்டா சாப்பாடும் படுக்கையும் அவங்க பொறுப்பு. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் ஒரு உதவியும் பண்ண மாட்டாங்க. ஏஜென்டுங்க 'டூரிஸ்ட் விசா'ன்னு கிளம்புறது இதனாலதான். சுத்திப் பாக்கப் போறேன்னு எழுதிக் கொடுத்துட்டுச் சேரப் போனா, பொய் சொன்ன காகிதத்துல இருக்கிறது உங்க கையெழுத்து. மாட்டினா ஏஜென்டோட பாஸ்போர்ட்ல ஒண்ணும் விழாது.

இப்ப கணக்கு. ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, சர்வீஸ் சார்ஜ், பயணக் காப்பீடு, போக வர டிக்கெட், கையில கொஞ்சம் யூரோ. தாராளமா போட்டாலும் ஒண்ணேகால் லட்சத்தைத் தாண்டாது. மீதி நாலே முக்கால் லட்சம் எதுக்குன்னு ஏஜென்ட்கிட்ட ரசீது கேட்டுப் பாருங்க.

6 லட்சத்தை 14 சதவீத வட்டியில மூணு வருஷத்துக்குப் போட்டா இஎம்ஐ சுமார் 20,500. தம்பி சம்பளம் 28,000. ஒபாஞ்ல மெடிக்கல், மனநலத் தேர்வு, ஓட்டம், நேர்காணல்னு சில வாரம் சலிச்சு எடுத்து, வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களைத் திருப்பி அனுப்பிடறாங்க. பல்லு, கண்ணு, பழைய எலும்பு முறிவுன்னு எதுக்கு வேணா ரிஜெக்ட் ஆகலாம். காரணமும் சொல்ல மாட்டாங்க. சென்னை வேலையை விட்டுட்டுப் போனவர் ஊருக்குத் திரும்பி வர்றப்போ 36 இஎம்ஐயும் அப்படியே நிக்கும்.

சரி, தேர்வாயிட்டா? அதையும் நேர்மையா பாக்கணும். கஸ்தெல்நொதாரில நாலு மாசம் பயிற்சி. தொடக்கச் சம்பளம் கையில 1,400 யூரோ வாக்குல, தங்கறதும் சாப்பாடும் இலவசம். ஒரு யூரோ 100 ரூபான்னு வச்சா மாசம் 1 லட்சத்து 40,000 முன்ன பின்ன. மாசம் 700 யூரோ மிச்சம் பிடிச்சாலும் அஞ்சு வருஷத்துல 42,000 யூரோ, அதாவது 42 லட்சம். நல்ல தொகைதான், இல்லைன்னு சொல்லல. மூணு வருஷ சேவை முடிஞ்சா பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், தானா கிடைச்சிடாது. நன்னடத்தைச் சான்றோட வெளிய வந்தா பத்து வருஷ வசிப்பு அட்டைக்கு வழி இருக்கு. பென்ஷனுக்கு லெஜியன் சொல்ற கணக்கு பத்தொன்பதரை வருஷம். அஞ்சு வருஷத்துல வர்றவருக்கு அந்த 'சொல்தா' வீட்டுப் பென்ஷன் கிடையாது.

இன்னொண்ணு, கல்யாணம் ஆனவரா இருந்தாலும் சேரும்போது தனி ஆளாத்தான் எடுத்துக்குவாங்க. பொண்டாட்டி புள்ளையைக் கூட்டிட்டுப் போய்க் குடும்பம் நடத்தலாம்னு முதல் வருஷங்கள்ல நினைக்க வேண்டாம்.

யாரும் சொல்லாத செலவு

நான் அதிகம் யோசிச்சது இந்தப் பகுதியைப் பத்தித்தான். குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 9. நீங்களா விரும்பி பிரெஞ்சுக்காரர் ஆன அன்னைக்கே இந்தியக் குடியுரிமை போயிடும், பாஸ்போர்ட்டைத் திருப்பி ஒப்படைக்கணும். "அதுக்கென்ன, ஓசிஐ கார்டு வாங்கிக்கலாமே"ன்னு சொல்லுவாங்க. அமெரிக்காவுல சாஃப்ட்வேர் பாக்குற உங்க கஸினுக்கு அது கிடைக்கும். வெளிநாட்டு ராணுவத்துல இருக்கிறவங்களுக்கும் ஓய்வு பெற்றவங்களுக்கும் ஓசிஐ கிடையாதுன்னு நம்ம உள்துறை அமைச்சகமே சொல்லுது.

இதோட அர்த்தத்தைக் காரைக்கால்ல வச்சுப் பாருங்க. இருபது வருஷம் உழைச்சு, பென்ஷனோட திருநள்ளாறு பக்கம் ஒரு வீடும் ரெண்டு மா நிலமும் வாங்கலாம்னு வர்றீங்க. சொந்த ஊருக்கே விசா வாங்கித்தான் வரணும். விவசாய நிலத்தை ஓசிஐ வச்சிருக்கவங்களே வாங்க முடியாது. ஓசிஐயும் இல்லாம வெளிநாட்டுல இருந்துக்கிட்டு வீடு வாங்கணும்னா ரிசர்வ் வங்கி அனுமதி வரைக்கும் போகணும். இந்தியக் குடியுரிமையை விடாம அஞ்சு வருஷம் முடிச்சிட்டு வர்றவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதனால 'குடியுரிமைக்கு விண்ணப்பிக்கணுமா'ங்கிறதை மூணாவது வருஷம் பரேடு மைதானத்துல நின்னு முடிவு பண்ணாதீங்க, கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுல உக்காந்து பேசிடுங்க.

ஏற்கனவே டெர்ம் இன்ஷூரன்ஸ் இருந்தா, கம்பெனிக்கு வேலை மாற்றத்தை எழுத்துல தெரிவிச்சு, பதிலையும் எழுத்துல வாங்குங்க. விபத்து ரைடர்கள் பொதுவா போரை விலக்கியிருக்கும். பிஎஃப்பை அவசரப்பட்டு எடுக்காதீங்க, அஞ்சு வருஷ சேவை முடியாம எடுத்தா வரி வரும்.

ரஷ்யா விஷயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ராணுவத்துல உதவியாளர் வேலைன்னு ஏஜென்ட் பேச்சை நம்பிப் போனவங்க போர்முனைக்கு அனுப்பப்பட்டாங்க. 2024 மார்ச்ல சிபிஐ வழக்குப் போட்டது. 2025 ஜனவரியில வெளியுறவுத் துறை சொன்ன கணக்கு, தெரிய வந்தது 126 இந்தியர், அதுல 12 பேர் இறந்துட்டாங்க. லெஜியன் அந்த மாதிரி மோசடி இல்லை, அது முறையான படை. ஆனா அதுக்கு ஆள் பிடிக்கிறேன்னு லட்சங்கள் கேக்குறவர் அதே தொழிலைத்தான் செய்யறார்.

வேற நாடு யோசிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. கனடா 2022 நவம்பர்ல நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கு ராணுவத்தைத் திறந்து விட்டுச்சு. அமெரிக்காவுல கிரீன் கார்டு இருந்தா சிப்பாயா சேரலாம். ரெண்டு இடத்துலயும் நம்ம பள்ளிச் சான்றிதழை மதிப்பீடு பண்ணித்தான் கேப்பாங்க. அமெரிக்கா ஒரு காலத்துல மொழி தெரிஞ்ச வெளிநாட்டுக்காரங்களுக்கு 'மாவ்னி'ன்னு ஒரு திட்டம் வச்சிருந்தது, அந்த மொழிப் பட்டியல்ல தமிழும் இருந்தது. 2016ல ஆள் எடுக்கிறதை நிறுத்திட்டாங்க. இன்னும் அதைச் சொல்லிக் காசு கேட்டா ஃபோனை வச்சிடுங்க. நம்ம இந்திய ராணுவ அதிகாரித் தேர்வுலயும் இலங்கை, பர்மா, வியட்நாம்ல இருந்து நிரந்தரமா குடியேற வந்த இந்திய வம்சாவளியினருக்கு, தகுதிச் சான்றோட, இடம் உண்டு. யுபிஎஸ்சி அறிவிப்புலயே இருக்கு, யாரும் அந்தப் பத்தியைப் படிக்கிறதில்லை.

தம்பிக்கு நான் எழுதின பதில் இதுதான்: ஏஜென்ட்டுக்குக் கொடுக்க நினைச்ச இஎம்ஐயில பாதி, மாசம் 10,000, ஆர்டில போடுங்க. தினம் காலையில ஓடுங்க, பல் டாக்டரைப் பாருங்க, பிரெஞ்சு வகுப்புல சேருங்க. ஒரு வருஷம் கழிச்சு 1,20,000 ரூபா சொந்தக் காசு கையில இருக்கும். அப்பவும் ஆசை இருந்தா மறுபடி மெயில் போடுங்க, விசா விஷயத்தை ஒரு நல்ல வக்கீலோட உக்காந்து பேசலாம். அவர் அனுப்பின பதில்ல ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "அண்ணா, ஏஜென்ட்டுக்கு 25,000 அட்வான்ஸ் கொடுத்துட்டேன், திரும்ப வாங்க முடியுமா?" ஜிபேல அனுப்பினதா சொன்னார். ஸ்கிரீன்ஷாட்டையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காம எடுத்துக்கிட்டு, பக்கத்து ஸ்டேஷன்ல எழுத்துப் புகார் கொடுக்கச் சொல்லியிருக்கேன். 1930 நம்பருக்கும் கூப்பிடச் சொன்னேன்.