கேட்டு வாங்க வேண்டிய பெயர்



துறையின் இணையதளப் பொறுப்பு உன் தலையில் விழுந்திருப்பதாகவும், கைக்காசில் ஒரு 'டாட் காம்' பெயரை வாங்கிவிடலாமா என்றும் எழுதியிருந்தாய். அவசரப்படாதே. உன் பல்கலைக்கழகத்திடம் கேட்டாலே ஒரு பெயர் கிடைக்கும்.

1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் என்ற இணையப் பெயர் முறையில், ஒவ்வொரு புள்ளியிலும் அதிகாரம் கைமாறலாம். சென்னை ஐஐடியைப் பார். 'டாட் இன்' முழுவதும் நிக்ஸி என்ற அமைப்பின் பொறுப்பு. அதற்குள் 'ஏசி டாட் இன்' பெயர்களைக் கல்வி நிறுவனங்களுக்குப் பதிவுசெய்து தருவது எர்நெட் இந்தியா என்ற அமைப்பு. 'ஐஐடிஎம் டாட் ஏசி டாட் இன்' கைக்கு வந்தபின், அதற்கு முன்னால் 'சிஎஸ்இ' என்று சேர்ப்பதற்கு வெளியே யாரையும் கேட்க வேண்டாம், காசும் கட்ட வேண்டாம். பெயர்ப் பட்டியலில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் முகவரி 'டாட் ஈடியூ' என்று முடிவதைக் கவனித்திருப்பாய். அது பழைய காலத்துச் சொத்து. 2001இல் 'டாட் ஈடியூ' பெயர்களின் பொறுப்பு எஜுகாஸ் என்ற அமெரிக்க அமைப்பின் கைக்குப் போனபின் விதிகள் இறுகிவிட்டன. முன்பே வாங்கியவர்கள் வைத்துக்கொள்ளலாம். நம்மூர்க் கல்லூரி இன்று புதிதாகக் கேட்டால் கிடைக்காது.

எந்தப் பெயர் கேட்பது? ஆங்கில எழுத்து, எண், நடுவில் சிறு கோடு. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 63 எழுத்துவரை போகலாம். போகலாம் என்பதற்காகப் போய்விடாதே! 'சிஇ' என்று கேட்டால் சிவில், கெமிக்கல், கம்ப்யூட்டர் மூன்று துறைகளும் சண்டைக்கு வரும். ஆண்டை ஒட்டவைத்தால் அடுத்த ஆண்டே பழசாகும். யாஹூ பிறந்தபோது அதன் முகவரி 'அகெபோனோ டாட் ஸ்டான்ஃபோர்டு டாட் ஈடியூ'. அகெபோனோ ஒரு சுமோ மல்லர். மாணவரின் கணினிக்கு அழகான பெயர்தான், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கூகுள் முதலில் தன் பெயரிலேயே ஸ்டான்ஃபோர்டின் கீழ் இருந்தது. 1997 செப்டம்பரில்தான் 'டாட் காம்' பதிவாயிற்று.

தனிப் பெயரே கூடாது என்பதல்ல. ஐஐடியின் சாரங் விழாவுக்கு 'டாட் ஆர்க்' பெயர் உண்டு; ஆண்டுதோறும் வெளியாட்கள் திரளும் விழாவுக்கு அது பொருந்தும். துறைப் பக்கத்துக்கு வேண்டாம். வாங்கிய மாணவர் படிப்பு முடித்துப் போவார், புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் யாரும் திறக்காத பெட்டிக்குப் போகும், கெடு முடியும். காலியான பெயரைச் சூதாட்டத் தளம் நடத்துபவர் வாங்கிப்போடுவார். ஆய்வுக் கட்டுரைகளில் அச்சான பழைய இணைப்புகளெல்லாம் அங்கே கொண்டுபோய் விடும். பல்கலைக்கழகப் பெயரிலும் ஆபத்து உண்டு: வாடகை கிளவுட் சர்வரைக் காலிசெய்துவிட்டு டிஎன்எஸ் வரியை நீக்க மறந்தால், அந்த இடத்தைப் பிடிக்கும் வேறொருவர் உங்கள் பெயரிலேயே கடை விரிப்பார்.

ஆகவே பல்கலைக்கழகக் கணினி மையத்துக்கு எழுதும் கடிதத்தில் தளத்தின் நோக்கம், சர்வரின் ஐபி முகவரி, எதுவரை தேவை என்பதைச் சொல். பொறுப்பாளர் என்ற இடத்தில் உன் பெயர் வேண்டாம். துறைத் தலைவர் பதவிக்கென்று இருக்கும் மின்னஞ்சலைக் கொடு. வரி சேர்ந்தபின்னும் எல்லாக் கணினிகளுக்கும் அது தெரியச் சில மணி நேரம் ஆகலாம். ஆகவே தொடக்க விழாவுக்கு முதல்நாள் போய்க் கேட்காதே.