கூரையில் தெரியும் காலம்

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் ஆங்கிலேயர் ஆட்சிக்கால நகர்ப்புற மாற்றங்கள் பற்றிய பாடத்தை நடத்தும்போது நான் பழைய புகைப்படங்களையும் சேர்த்துக்கொள்கிறேன். கோட்டை, அரண்மனைப் படங்களைவிட, ஆங்கிலேயரின் தோட்ட வீடுகளின் படங்களே மாணவர்களை அதிகம் பேச வைக்கின்றன. கூரை, தூண், தாழ்வாரம் எல்லாம் அவர்கள் அறிந்தவை. விருத்தாசலத்தில் இன்னொரு வசதியும் உண்டு. என் மாணவர்கள் பலரது வீட்டில் யாராவது ஒருவர் செராமிக் வேலைக்குப் போகிறார். மண், அச்சு, சூளை பற்றி அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பல நேரம் அவர்கள்தான் எனக்குச் சொல்கிறார்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 18ஆம் நூற்றாண்டில் கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் புனித ஜார்ஜ் கோட்டையின் நெரிசலிலிருந்து வெளியேறி எழும்பூர், நுங்கம்பாக்கம், அடையாறு பக்கம் தோப்புகளுக்கு நடுவே வீடு கட்டினார்கள். அடையாற்றங்கரையில் ஜேம்ஸ் பிரோடி அந்நூற்றாண்டின் இறுதியில் கட்டிய மாளிகையில்தான் இன்று சென்னை இசைக் கல்லூரி இயங்குகிறது. மலைப்பகுதியில், கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் ஒரு பங்களா கட்டினார். நீலகிரியில் ஐரோப்பியக் காய்கறிச் சாகுபடியைத் தொடங்கியவரும் அவரே. சிதிலமாகிக் கிடந்த அந்த வீடு புதுப்பிக்கப்பட்டு இப்போது ஆவண மையமாக உள்ளது.

படத்தைக் கொடுத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, “கூரை எதனால் ஆனது?” என்பதுதான். கூரையே தெரியாமல் உச்சி தட்டையாக இருந்தால் அது பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். நெருக்கமாகப் போட்ட தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாகச் சாய்கோட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பதும் உண்டு. சரிவான ஓட்டுக்கூரை என்றால் அடுத்த கேள்வி: நாட்டு ஓடா, மங்களூர் ஓடா? நாட்டு ஓடு குயவர் சக்கரத்தில் வனைந்த குழாயை இரண்டாகப் பிளந்தது. படத்தில் அது மேடும் பள்ளமுமாகத் தெரியும். மங்களூர் ஓடு அச்சில் அழுத்தியது. “ரூல் போட்ட நோட்டு மாதிரி இருக்கு சார்” என்று ஒரு மாணவி சொன்னாள். இதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இங்கேதான் பாடம் துப்பறியும் வேலையாக மாறுகிறது. பேசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1865. எனவே 1858 என்று குறிப்பிட்ட படத்தில் அந்த ஓடு இருந்தால் குறிப்பு தவறு. அதற்காக, மங்களூர் ஓடு வேய்ந்த வீடெல்லாம் 1865க்குப் பிறகு கட்டியது என்று சொல்லிவிட முடியுமா? “பழைய வீட்டுக்குப் புது ஓடு மாத்தியிருக்கலாமே” என்று ஒரு பையன் மறுத்தான். கூரையைக் கொண்டு நாம் கணிப்பது படத்தின் காலத்தை மட்டுமே, வீட்டின் வயதை அல்ல என்ற வேறுபாடு வகுப்புக்கு அப்போது பிடிபட்டது.

இரண்டாவது கேள்வி ஆட்களைப் பற்றியது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர் பகுதிகளில் எடுத்த படங்களைக் காட்டினால், “ஏன் சார் ஊரே காலியா இருக்கு?” என்பார்கள். அவர் பயன்படுத்தியது காகித நெகட்டிவ். லென்ஸை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் நடமாடியவர்கள் படத்தில் பதியவில்லை. அதேபோலத் தோட்ட வீட்டின் சமையலறையும் வேலையாட்களின் குடியிருப்பும் பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்தன. முன்பக்கமிருந்து எடுத்த படத்தில் அவை வர வழியில்லை. பல படங்களின் கீழே எழுதியிருப்பதும் துரையின் பெயர் மட்டுமே. சூளை வேலைக்குப் போகும் ஒரு தாயின் மகள், “ஓடு சுட்டவங்க பேரு எங்கயும் எழுத மாட்டாங்களா?” என்று கேட்டாள். தொழிற்சாலையின் பெயர் ஓட்டின் அடியில் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது என்று உள்ளதைச் சொன்னேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை.

நான்கு பேருக்கு ஒரு படம் போதும். நோட்டில் மூன்று கட்டம்: கண்ணால் பார்த்தது, அதிலிருந்து ஊகித்தது, படம் சொல்லாதது. முதல் கட்டத்தில் “பணக்கார வீடு” என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். “எட்டுத் தூண்” என்று எழுதட்டும். மூன்றாவது கட்டம் நிரம்பத்தான் நேரமாகும், அவசரப்படுத்த வேண்டாம். ஒரு பாடவேளை போதாது, இரண்டு ஒதுக்குங்கள்.

அடுத்த வேலை ஊருக்குள். முசாபரி பங்களா, பழைய ரயில்வே குடியிருப்பு, இடித்த வீட்டின் ஓட்டுக் குவியல் எது கிடைத்தாலும் சரி. கீழே கிடக்கும் உடைந்த ஓட்டைத் திருப்பி, முத்திரையைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்து வரச் சொல்லுங்கள். கூரை மேல் யாரும் ஏறக் கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். வீட்டிலுள்ள பழைய படங்களைக் கைப்பேசியில் பிரதி எடுத்தால் போதும். அசலை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம்.