லோடர் பக்கெட்: மாட்டினால் போதாது, பூட்டைப் பாருங்கள்



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கம்பெனிகள் பெருகினாலும் தென்னேரி, மணிமங்கலம் பக்கம் ஏரிப்பாசன வயல்கள் இன்னும் இருக்கின்றன. எரு அள்ளவும் வைக்கோல் கட்டு தூக்கவும் டிராக்டரின் முன்னால் லோடர் மாட்டி ஓட்டுகிறார்கள். போல்ட்டைக் கழற்றாமல், இரண்டு கைப்பிடிகளைக் கொண்டே பக்கெட்டை மாற்றும் வசதியும் சில லோடர்களில் உண்டு.

ஆபத்து இந்த வசதியில்தான் இருக்கிறது. பக்கெட்டின் மேல்விளிம்பு லோடர் தட்டில் தொங்கினாலே, சீட்டிலிருந்து பார்ப்பவருக்கு மாட்டிவிட்டது போலத் தெரியும். கீழ்ப்பின்கள் இறங்காமல் இருந்தால், தூக்கும்போதோ கவிழ்க்கும்போதோ பக்கெட் கழன்று விழும். பிரிட்டனில் மண் தோண்டும் இயந்திரங்களில் பாதுகாப்புப் பின் போடாததால் பக்கெட் விழுந்து தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள்.

ஆகவே, மாட்டும்போது நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. பக்கெட்டைச் சமதரையில் வையுங்கள். அருகில் யாரும் நிற்கக் கூடாது.

2. தட்டை முன்னே சாய்த்து, மேல்விளிம்புக்குள் நுழைத்து, பின்னே சாய்த்துச் சேருங்கள்.

3. பக்கெட்டைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை நிறுத்திய பிறகே இறங்குங்கள். இரண்டு கைப்பிடிகளையும் முழுதாக அழுத்துங்கள். இரு பின்களும் பக்கெட்டின் ஓட்டைகளில் இறங்கியதைக் கண்ணால் பாருங்கள். மண்ணோ கல்லோ அடைத்திருந்தால் பின் இறங்காது.

4. மீண்டும் ஏறி, பக்கெட் நுனியைத் தரையில் அழுத்துங்கள். கீழ்ப்பக்கம் தட்டை விட்டு விலகினால் பூட்டு விழவில்லை என்று பொருள்.

ஹைட்ராலிக் ஹோஸைக் கழற்றுமுன், இன்ஜினை நிறுத்தி லிவரை அசைத்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். ஒழுக்கு எங்கே என்று கையால் தடவாதீர்கள். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். அழுத்தத்தில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடலாம்.

சுமையோடு போகும்போது பக்கெட் தாழ்ந்தே இருக்கட்டும். உயர்த்தினால் டிராக்டர் எளிதில் கவிழும். தூக்கிய பக்கெட்டின் கீழே யாரும் போகக் கூடாது. அதில் ஆளை ஏற்றவும் கூடாது.

மணிக்கணக்கில் வாடகை கொடுப்பவர்கள் டிரைவரை அவசரப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். முன்னெச்சரிக்கை நம் கடமை, அதன் பிறகே தவக்குல். உழைக்கும் நம் சகோதரர்கள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.