தொழில் அறிவுப் பாடம்: லொறியின் ஏ.சி. ஓடாவிட்டால் என்ன பார்ப்பது?

நமது தோட்டங்களில் பிறந்து இன்று லொறி ஓட்டுகிற, கிளீனராகப் போகிற பிள்ளைகள் பலர். தேயிலைத்தூள் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்குகிறார்கள்; மரக்கறி ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போகிறார்கள். அவர்களுக்கும், கராஜில் வேலை பழகும் தம்பிமாருக்கும் இம்முறை இந்தப் பாடம்.

"மலைநாட்டுக் குளிருக்கு ஏ.சி. எதுக்கு?" என்று சிலர் கேட்பார்கள். ஆனால் ரம்பொடைப் பக்கம் மழையும் மூடுபனியும் சேர்ந்து வரும்போது முன்கண்ணாடி உட்புறம் மங்கிப்போய் பாதை தெரியாது. ஏ.சி. காற்றைக் குளிராக்குவதோடு அதிலுள்ள ஈரத்தையும் எடுத்துவிடும். கண்ணாடி தெளியும். ஆகவே இது சொகுசுச் சாமான் மட்டுமல்ல, உயிர் காக்கும் சாமானும்தான்.

ஏ.சி. எப்படி ஓடுகிறது?

என்ஜின் ஓடும்போது பெல்ட், கம்பிரஸரின் கப்பியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். நாம் சுவிட்சைப் போட்டதும் கப்பிக்கு முன்னால் உள்ள கிளட்ச் தட்டை மின்காந்தம் இழுத்துப் பிடிக்கும். "டக்" என்று சத்தம் கேட்கும். அப்போதுதான் கம்பிரஸர் வேலையைத் தொடங்கும்.

அந்தக் கிளட்சுக்கு மின்சாரம் போகும் வழியில் பல காவல்காரர்கள் நிற்கிறார்கள். பியூஸ், ரிலே, கேஸின் அழுத்தத்தைப் பார்க்கும் பிரஷர் சுவிட்ச், குளிரைப் பார்க்கும் தெர்மோஸ்டாட். சில லொறிகளில் என்ஜின் சூட்டைப் பார்க்கும் சென்சரும் உண்டு. இவர்களில் ஒருவர் கேட்டை மூடினாலும் ஏ.சி. ஓடாது. கேட்டை மூடியது யார், ஏன் மூடினார் என்று கண்டுபிடிப்பதே நம் வேலை. காவல்காரரைத் தள்ளிவிட்டு உள்ளே போவது நம் வேலை அல்ல.

வரிசையாகப் பார்ப்போம்

முதலில் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை வையுங்கள். என்ஜின் ஓடும்போது பெல்ட் பக்கம் கை, சாரம், தொங்கும் துணி எதுவும் போகக் கூடாது.

1. காற்று வருகிறதா? உள்ளே காற்றே வரவில்லை என்றால் புளோவரின் பியூஸ், மோட்டார், வேக சுவிட்ச் ஆகியவற்றில் கோளாறு. புளோவர் ஓடாமல் பெரும்பாலான வாகனங்களில் ஏ.சி.யும் தொடங்காது.

2. காற்று வருகிறது, குளிர் இல்லை. அப்படியானால் சற்றுத் தள்ளி நின்று கம்பிரஸரின் முன்தட்டைப் பாருங்கள். கப்பி மட்டும் சுற்றி, முன்தட்டு சும்மா நின்றால் கிளட்ச் பிடிக்கவில்லை.

3. என்ஜினை நிறுத்தி, பியூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் பியூஸ்தான் போட வேண்டும். கம்பி சுற்றுவது, சிகரட் பெட்டித் தாளை மடித்து வைப்பது வேண்டவே வேண்டாம். வயர் எரிந்து கெபினே பற்றிக்கொள்ளும். புது பியூஸும் உடனே போனால் எங்கோ வயர் உரசியிருக்கிறது. அதைத் தேட வேண்டும்.

4. ரிலேயை மாற்றிப் பாருங்கள். அதே வகை வேறொரு ரிலே பெட்டியில் இருந்தால் இடம் மாற்றிப் பார்க்கலாம். பெரிய லொறிகள் 24 வோல்ட், சின்னவை 12 வோல்ட். வோல்ட்டும் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். டெஸ்ட் பல்புக்கும் இதே கணக்குத்தான்.

5. கிளட்சின் வயரில் மின்சாரம் வருகிறதா? வந்தும் கிளட்ச் பிடிக்காவிட்டால் கிளட்ச் சுருளோ எர்த்தோ பழுது. காலையில் பிடித்து, சூடானதும் விட்டுவிட்டால் தட்டு தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். மின்சாரமே வராவிட்டால் கேஸ் பக்கம் சந்தேகப்படலாம்.

கேஸும் பிரஷர் சுவிட்சும்

அழுத்தம் ஏறக்குறைய 2 பாருக்குக் கீழே போனால் பிரஷர் சுவிட்ச் மின்சாரத்தை வெட்டும். கேஸ் குறைந்தால் கம்பிரஸருக்குப் போகும் எண்ணெயும் குறைந்து அது இறுகிவிடும் என்பதே காரணம். ஏறக்குறைய 30 பாருக்கு ஏறினாலும் வெட்டும். லொறி டயரில் உள்ள காற்றைப் போல அது சுமார் 4 மடங்கு.

சிலர் இந்த சுவிட்சின் இரண்டு வயரையும் முறுக்கி "டிரெக்ட்" கொடுத்துவிடுவார்கள். ஏ.சி. அன்றைக்கு ஓடும். பிறகு கம்பிரஸரே போய்விடும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மாதச் சம்பளத்தைத் தொலைத்த கதையாகும்.

"கேஸ் போட்டா சரியாயிரும்" என்பதும் பாதி உண்மைதான். கேஸ் டீசல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருந்தால் அந்த இடத்தைச் சந்தேகியுங்கள். கசிவை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பது போல.

கேஸ் குழாயை நாமாகத் திறக்கவே கூடாது. பல வாகனங்களில் உள்ள ஆர்-134ஏ கேஸ் வெளியே வந்ததும் சைபருக்குக் கீழே 26 பாகை வரை குளிரும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். நெருப்பில் பட்டால் நச்சுப் புகையாகும். முறையான மெஷினும் பயிற்சியும் உள்ளவர்களிடமே கொடுங்கள்.

பழுதே இல்லாத நேரங்கள்

நுவரெலியாவில் உறைபனி விழும் காலையில் ஏ.சி. பிடிக்காமல் இருக்கலாம். குளிரில் கேஸின் அழுத்தம் தானாகவே இறங்கிவிடும். கண்டி வெயிலில் அதே ஏ.சி. ஒழுங்காக ஓடினால் கவலை வேண்டாம். பாரத்தோடு கடுகண்ணாவை ஏறும்போது நின்றால் முதலில் என்ஜின் சூட்டு முள்ளைப் பாருங்கள். சில லொறிகளில் என்ஜின் சூடானால் ஏ.சி. தானாக வெட்டப்படும். அங்கே பழுது ரேடியேட்டரில் இருக்கலாம்.

கராஜுக்குப் போகும்போது "ஏ.சி. ஓடலண்ணே" என்று மட்டும் சொல்லாதீர்கள். "காத்து வருது, பியூஸ் நல்லா இருக்கு, கிளட்ச் பிடிக்கல, இந்த இணைப்புல எண்ணெய் கசியுது" என்று சொல்லுங்கள். விஷயம் தெரிந்தவரிடம் வீண் பில் போட யாரும் யோசிப்பார்கள்.

உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள்:

1. கப்பி சுற்றுகிறது, முன்தட்டு நிற்கிறது. இதன் அர்த்தம் என்ன?
2. பிரஷர் சுவிட்சுக்கு ஏன் டிரெக்ட் கொடுக்கக் கூடாது?
3. கேஸ் குறைந்தால் முதலில் எதைத் தேட வேண்டும்?

விடை தெரிந்தவர்கள் பக்கத்து லயத்துத் தம்பிக்கும் சொல்லிக்கொடுங்கள்.