குதிரைக்கு ஒரு ஆஸ்பத்திரி

நமக்கு உடம்பு சரியில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. குதிரைக்கும் கழுதைக்கும் நோய் வந்தால் எங்கே போவது?

நம் நாட்டில் பல குடும்பங்கள் குதிரையை நம்பிப் பிழைக்கின்றன. சில குடும்பங்களுக்குக் கழுதைதான் சோறு போடுகிறது. சிலரிடம் கோவேறு கழுதை இருக்கிறது. கோவேறு கழுதைக்குத் தாய் குதிரை. தந்தை கழுதை. அதற்குப் பலம் அதிகம். ஆனால் அது குட்டி போடாது.

2019ஆம் ஆண்டில் அரசு கால்நடைகளைக் கணக்கு எடுத்தது. அப்போது நாட்டில் குதிரையும் மட்டக்குதிரையும் சேர்ந்து சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம். கழுதைகள் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம். கோவேறு கழுதைகள் சுமார் 84 ஆயிரம். 2012ஆம் ஆண்டுக் கணக்கில் இதைவிட மிக அதிகம் இருந்தன. எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஆனால் இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் பிழைப்பு.

இனி ஒரு கதை. கதை நடக்கும் இடம் உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதி. கதையில் வரும் ஆட்கள் கற்பனை. வைத்தியம் உண்மை.

ராணி படுத்துவிட்டது

அங்கே செங்கல் சூளைகள் நிறைய உண்டு. மழைக்காலம் முடிந்ததும் சூளை வேலை தொடங்கும். அடுத்த மழை வரும்வரை நடக்கும். பச்சைக் கல்லைச் சூளைக்கு இழுப்பது குதிரை வண்டி.

ஒரு வண்டிக்காரர் இருந்தார். அவரிடம் ஒரு பெண் குதிரை. பெயர் ராணி. முன்பணக் கடன் வாங்கித்தான் ராணியை வாங்கினார். கடன் இன்னும் தீரவில்லை.

மே மாதம். காலை நேரம். ராணி தீனியைத் தொடவில்லை. முன்காலால் தரையைப் பறித்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. உடம்பு வியர்த்தது. பிறகு படுத்துப் புரண்டது.

பக்கத்து வண்டிக்காரர் ஓடி வந்தார். கையில் கடுகு எண்ணெய்ப் புட்டி.

"மூக்கு வழியாக ஊற்று. சரியாகிவிடும்" என்றார்.

வண்டிக்காரரின் மனைவி தடுத்தார். அவர் மாலை நேர எழுத்தறிவு வகுப்பில் படித்தவர். போன மாதம் குதிரை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு பலகையைப் பார்த்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்திருந்தார்.

"ஏங்க, ஊற்றாதீங்க! எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் குதிரை செத்துப் போகும். பலகையில் எழுதியிருந்தது. நான் படித்தேன்."

"நீ படித்தது சரியாக இருக்குமா?" என்று கணவர் கேட்டார்.

"சரியாகத்தான் படித்தேன். வாங்க, போவோம்."

ராணியால் நடக்க முடிந்தது. ஆஸ்பத்திரி 2 கிலோமீட்டர் தூரம். தீனிப் பையை எடுத்துவிட்டார்கள். மெதுவாக நடத்திக் கூட்டிப் போனார்கள்.

டாக்டரம்மா கேட்ட கேள்விகள்

வாசலில் சீட்டு எழுதினார்கள். குதிரையின் நிறம், வயது, அடையாளம் எல்லாம் எழுதினார்கள்.

டாக்டரம்மா வந்தார். முதலில் கேள்வி கேட்டார்.

"எப்போது கடைசியாக லத்தி போட்டது?"

"நேற்று மதியம், டாக்டரம்மா."

"தண்ணீர் எத்தனை தடவை காட்டினீர்கள், அண்ணா?"

"இரண்டு தடவை."

"தீனியில் ஏதாவது மாற்றம் உண்டா?"

வண்டிக்காரர் தலையைக் குனிந்தார். மனைவிதான் சொன்னார்.

"கல்யாண வீட்டில் மிஞ்சிய பூரியும் சோறும் போட்டார், டாக்டரம்மா. ஒரு கூடை."

"ஆசையாகத்தான் போட்டேன்" என்றார் வண்டிக்காரர்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. விளக்கிச் சொன்னார்.

"குதிரையின் இரைப்பை சிறியது. அது கொஞ்சம் கொஞ்சமாகப் புல் தின்னும் பிராணி. நமக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுப்போம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது உள்ளேயே பொங்கும். குடல் அடைக்கும். சில சமயம் முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் இந்த வயிற்று வலி குதிரைக்கு எமன்."

வைத்தியம் நடந்தது

ராணியை ஒரு கூண்டுக்குள் நிறுத்தினார்கள். நான்கு பக்கமும் இரும்புக் குழாய். குதிரை உதைத்தாலும் டாக்டருக்கு அடிபடாது. குதிரைக்கும் அடிபடாது. குதிரைக்கு வைத்தியம் செய்யும் இடத்தில் இது முக்கியம்.

டாக்டரம்மா தாடைக்கு அடியில் விரல் வைத்தார். கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணினார். ஓய்வாக நிற்கும் பெரிய குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். ராணிக்கு 60 இருந்தது. வலி அதிகம் என்று அர்த்தம்.

ஈறின் நிறம் பார்த்தார். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் உடனே படியவில்லை. உடம்பில் நீர் குறைவு என்று தெரிந்தது. வயிற்றின் இரு பக்கமும் குழாய் வைத்துக் கேட்டார். கையுறை போட்டு ஆசனவாய் வழியாகக் குடலைத் தொட்டுப் பார்த்தார். முறுக்கு இல்லை. அடைப்புதான்.

வலிக்கு ஊசி போட்டார். மூக்கு வழியாக நீண்ட ரப்பர் குழாயை இரைப்பைவரை விட்டார். அதன் வழியாக மருந்தும் நீரும் கொடுத்தார்.

"நீங்களும் மூக்கு வழியாகத்தானே விடுகிறீர்கள்?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"குழாய் இரைப்பைக்குப் போனதா என்று பார்த்த பிறகுதான் மருந்து விடுவேன், அண்ணா. புட்டியால் ஊற்றினால் அது எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?"

இனிக் காத்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் வேறு என்ன உண்டு?

காத்திருந்த நேரத்தில் இருவரும் சுற்றிப் பார்த்தார்கள். நாமும் பார்ப்போம்.

*லாடம் கட்டும் இடம்.* ஒருவர் ஒரு கழுதையின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தார். குளம்பு நம் நகம் போல வளரும். குதிரைக்கு 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவி லாடம் மாற்ற வேண்டும். தினமும் குளம்பின் அடியில் உள்ள கல்லையும் சேற்றையும் எடுக்க வேண்டும்.

*பல் பார்க்கும் இடம்.* குதிரையின் பல் தேயத் தேய வெளியே வரும். ஒரு பக்கம் கூராகிவிட்டால் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். தீனி வாயிலிருந்து விழும். சரியாக மெல்லாத தீனியால் வயிற்று வலி வரும். நீண்ட அரத்தால் பல்லை ராவிச் சமமாக்குவார்கள்.

*சோதனை அறை.* இங்கே லத்தியைச் சோதித்துக் குடல் புழுவின் முட்டை உண்டா என்று பார்ப்பார்கள். இரத்தத்தைச் சோதித்து சர்ரா நோய் உண்டா என்று பார்ப்பார்கள். கடிக்கும் ஈக்கள் சர்ராவைப் பரப்பும். காய்ச்சல் விட்டு விட்டு வரும். குதிரை மெலியும். மருந்து உண்டு. சீக்கிரம் வர வேண்டும்.

*காயம் கட்டும் இடம்.* சேணம் சரியில்லாவிட்டால் முதுகிலும் தோளிலும் புண் வரும். புண்ணுக்கு மருந்து போட்டால் மட்டும் போதாது. சேணத்தையும் சரி செய்ய வேண்டும். புண் ஆறும்வரை அந்த இடத்தில் சேணம் படக் கூடாது.

*தடுப்பூசி.* குதிரைக்கு டெட்டனஸ் நோய் எளிதில் வரும். சின்ன ஆணிக் காயம் போதும். உடம்பு மரக்கட்டை போல விறைக்கும். வந்த பிறகு காப்பாற்றுவது கடினம். வராமல் தடுப்பது எளிது. முதலில் ஒரு ஊசி. 4 முதல் 6 வாரத்தில் இன்னொரு ஊசி. பிறகு ஆண்டுக்கு ஒன்று.

*சினை பார்த்தல்.* குதிரை சுமார் 11 மாதம் சினையாக இருக்கும். கழுதை சுமார் 12 மாதம். சினை என்று தெரிந்தால் வேலையைக் குறைக்கலாம். நல்ல தீனி கொடுக்கலாம்.

*தனிக் கொட்டகை.* தொற்று நோய் உள்ள பிராணியை இங்கே தனியாகக் கட்டுவார்கள். கிளாண்டர்ஸ் என்று ஒரு கொடிய நோய் உண்டு. மூக்கில் சீழ் வடியும். மூக்கின் உள்ளே புண் வரும். தோலில் கட்டிகள் வந்து உடையும். இது மனிதருக்கும் தொற்றும். இதற்குத் தடுப்பூசி இல்லை. சந்தேகம் வந்தால் இரத்தத்தை ஹரியானா மாநிலம் ஹிசாருக்கு அனுப்புவார்கள். அங்கே தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நோய் உறுதியானால் குதிரையை வலியில்லாமல் கொன்றுவிட வேண்டும். அதற்கு அரசு இழப்பீடு உண்டு. ஆகவே மறைக்கக் கூடாது. மறைத்தால் மற்றக் குதிரைகளுக்கும் ஆபத்து. நம் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

பெரிய அறுவை சிகிச்சை சிறிய ஆஸ்பத்திரியில் முடியாது. கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள்.

லத்தி போட்டது!

மதியம் ஆனது. ராணி காதை ஆட்டியது. வாலைத் தூக்கியது. லத்தி போட்டது.

வண்டிக்காரர் சத்தம் போட்டார். "போட்டுவிட்டது! போட்டுவிட்டது!"

எல்லோரும் சிரித்தார்கள். லத்தியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷமா? ஆமாம். அந்தக் குடும்பத்துக்கு அன்று அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

டாக்டரம்மா மறுபடி நாடி எண்ணினார். 44 இருந்தது.

"இரண்டு நாள் வண்டியில் பூட்ட வேண்டாம். தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எந்தப் புதுத் தீனியையும் திடீரென்று கொடுக்காதீர்கள். ஒரு நாளைக்குக் குதிரைக்கு 25 முதல் 45 லிட்டர் தண்ணீர் வேண்டும். வெயிலில் உழைத்தால் இன்னும் வேண்டும். நிழலில் கட்டுங்கள்."

பிறகு ஒரு அட்டையைக் கொடுத்தார். டெட்டனஸ் ஊசி போட்ட தேதி அதில் இருந்தது. அடுத்த ஊசியின் தேதியும் இருந்தது.

வண்டிக்காரர் அட்டையை மனைவியிடம் நீட்டினார். "நீயே வைத்துக்கொள். தேதி வந்தால் சொல்லு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் படிக்கக் கற்றுக்கொடு" என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது?

சுமை இழுக்கும் பிராணிகளுக்காக 1965ஆம் ஆண்டில் விதிகள் வந்தன. அவற்றில் சில:

1. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.

2. ஓய்வு தராமல் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.

3. வெயில் 37 டிகிரி செல்சியசுக்கு மேல் போகும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணிவரை வேலை வாங்கக் கூடாது.

4. முதுகில் ஏற்றும் சுமைக்கு அளவு உண்டு. கழுதைக்கு 50 கிலோ. மட்டக்குதிரைக்கு 70 கிலோ. கோவேறு கழுதைக்கு 200 கிலோ.

5. முள் வைத்த குச்சியும் முள் வைத்த கடிவாளமும் கூடாது.

ஆஸ்பத்திரி தூரமா?

எல்லா ஊரிலும் குதிரைக்குத் தனி ஆஸ்பத்திரி இல்லை. பக்கத்தில் உள்ள அரசுக் கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம். குதிரையால் நடக்க முடியாவிட்டால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லாத எண் இது. பல மாநிலங்களில் நடமாடும் மருத்துவ வண்டி வருகிறது. தமிழ்நாட்டிலும் இதே எண்தான். கொடைக்கானல் மலையில் குதிரையில் சாமான் ஏற்றும் ஊர்கள் உண்டு. அவர்களுக்கும் இந்த எண் தெரிய வேண்டும்.

நினைவில் வைப்போம்

குதிரை தீனி தின்னவில்லையா? வயிற்றைத் திரும்பிப் பார்க்கிறதா? புரளுகிறதா? லத்தி போடவில்லையா?

உடனே வேலையை நிறுத்துங்கள்.
தீனியை எடுத்துவிடுங்கள்.
வாயிலோ மூக்கிலோ எதையும் ஊற்றாதீர்கள்.
டாக்டரிடம் போங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. ராணிக்கு ஏன் வயிற்று வலி வந்தது? இரண்டு காரணம் சொல்லுங்கள்.

2. கடுகு எண்ணெய் ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

3. ஒரு குதிரைக்கு 15 விநாடியில் நாடி 10 முறை துடிக்கிறது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை? அது சரியான அளவா?

4. உங்கள் வாளியில் எத்தனை லிட்டர் பிடிக்கும்? 45 லிட்டருக்கு எத்தனை வாளி வேண்டும்?

5. உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவமனைக்கு ஒரு முறை போய் வாருங்கள். சுவரில் என்ன எழுதியிருக்கிறது? படித்து வந்து வகுப்பில் சொல்லுங்கள்.